இடது முழங்கைக்குக் கீழே

பிப்ரவரி 17, திங்கள்

ஏசி மெக்கானிக் வந்தார், பார்த்தார், "கேஸ் இறங்கியிருக்கு" என்று வழக்கம்போலச் சொன்னார், போனார். செல் வளர்க்கும் அறை இன்னும் உறுமிக்கொண்டுதான் இருக்கிறது. என் கணவர் நாச்சிமுத்து மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். கோயம்புத்தூரில் பாதிக் கிணறுகளுக்கு வைத்தியம் பார்த்தவருக்குப் பெண்டாட்டியின் ஆய்வகத்தை எட்டிப் பார்க்க மட்டும் நேரமில்லை.

இதை எழுதச் சொன்னது ஆக்னஸ். "மேடம், நீங்க எல்லார் மேலயும் எரிஞ்சு விழறீங்க. தினம் நாலு வரி எழுதுங்க. பேப்பர் மேல எரிஞ்சு விழுங்க, எங்களை விட்டுருங்க" என்றாள். எனக்கு அடுத்த நிலையில் இருக்கும் விஞ்ஞானி அவள். ஆரம்பத்திலிருந்தே கூட இருப்பவள் என்பதால் வாய் கொஞ்சம் நீளம். எழுதித்தான் பார்ப்போமே.

நாங்கள் வளர்ப்பது கரு அல்ல, கருவைப் போன்ற ஒன்று. ஒருவரின் தோலில் துளி எடுத்து, அந்த செல்களைப் பின்னோக்கி ஓட்டி, எதுவாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்களாக்குகிறோம். அவற்றை உருட்டித் தட்டில் விட்டால் தாமாகவே அடுக்கடுக்காக அமைந்து, ஆரம்பக் கருவைப் போல் நடிக்கும். விந்து இல்லை, முட்டை இல்லை, கருப்பை இல்லை. குழந்தையாக ஒருநாளும் ஆகாது. உருவாகும் கருக்களில் ஏன் அத்தனை கலைந்துபோகின்றன என்பதைப் பெண்களின் வயிற்றைத் தொடாமல் தெரிந்துகொள்ள இதுதான் வழி. இதை மேடை மேடையாகச் சொல்லி என் தொண்டை வற்றியிருக்கிறது.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வேலைக்குச் சேரும் ஒவ்வொருவரும் முதல் நாள் தங்கள் கையிலிருந்து அரிசி முனை அளவு தோல் தர வேண்டும். ஆரம்பித்து வைத்தவள் நான்தான். யார் யாரையோ கேட்டு அலைவதைவிட நம் தோலையே எடுத்தால் ஆயிற்று என்று முதல் ஆளாக இடது முழங்கைக்குக் கீழே எடுத்துக்கொண்டேன். அதிலிருந்து வந்ததுதான் என் பெயர் தாங்கிய கலா-3. மற்றவர்களின் செல்களெல்லாம் கொஞ்ச தூரம் போய்ச் சுருண்டுவிடுகின்றன. கலா-3 மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது.

"அதுவும் உங்களை மாதிரியே பிடிவாதம் மேடம்" என்கிறாள் ஆக்னஸ். எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

பிப்ரவரி 20, வியாழன்

எங்கள் ஆய்வை மேற்பார்க்கும் நெறிமுறைக் கமிட்டியின் கூட்டம். வடையில் உப்பில்லை. விதியை மறுபடி வாசித்தார்கள்: தட்டில் வளரும் உருவத்தில் இதயத் துடிப்பு தெரிந்தால் அன்றே வளர்ப்பை நிறுத்திவிட வேண்டும். ஒரு புது உறுப்பினர் "இதை யார் எழுதினது? நல்ல தெளிவா இருக்கே" என்றார். நான்தான் என்றேன்.

பிப்ரவரி 24, திங்கள்

நாங்கள் அனுப்பிய கட்டுரையைப் படித்த மதிப்பீட்டாளர் எவரோ, கலா-3 உண்மையில் யாருடையது என்று டிஎன்ஏ சோதனை செய்து அனுப்பச் சொல்கிறார். சிரிப்பு வந்தது. மற்ற எல்லாருடைய செல்லையும் சரிபார்த்தோம். இதை மட்டும் பார்க்கவில்லை. என் கை, என் தோல், நானே வெட்டி, நானே தட்டில் வைத்தது. இதில் என்ன சரிபார்ப்பு?

ஆக்னஸ் என் ரத்தத்தையும் கலா-3ஐயும் எடுத்துக்கொண்டு பக்கத்துத் துறைக்குப் போனாள்.

மார்ச் 1, சனி

உழவர் சந்தையில் கொத்தமல்லி மலிவு. ஒரு வாரத்துக்குச் சட்னிக்குப் பஞ்சமில்லை.

தட்டில் இருக்கும் கலா-3க்கு இப்போது முன்பக்கம், பின்பக்கம் தெரிகிறது. வெள்ளரி விதை அளவு. லேசாக வளைந்திருக்கிறது. அதன் தலைப்பக்கம் எப்போதும் இன்குபேட்டரின் கண்ணாடிக் கதவைப் பார்த்தே கிடக்கிறது. நேற்று தட்டைத் திருப்பி வைத்துவிட்டுப் போனேன். இன்று காலை மறுபடி கதவுப் பக்கம்.

உள்ளே காற்று சுழலும் திசை அப்படி. வேறொன்றும் இல்லை.

மார்ச் 5, புதன்

மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது தட்டில் ஒரு அதிர்வு. ஏசி கம்ப்ரசர்தான். மெக்கானிக்கை நாலு வாங்கு வாங்கினேன்.

இந்தத் தட்டுக்கு இனி செல்கள் ஊறிக் கிடக்கும் ஊட்டத் திரவத்தை, மீடியத்தை, நானே மாற்றிக்கொள்கிறேன் என்று ஆக்னஸிடம் சொல்லிவிட்டேன். அவளுக்கு வேலை அதிகம், பாவம்.

மார்ச் 6, வியாழன்

குறிப்பிட ஒன்றும் இல்லை.

மார்ச் 7, வெள்ளி

சோதனை முடிவு வந்தது. ஆக்னஸ் என் அறைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். அவள் கதவைச் சாத்துகிறவள் அல்ல.

"மேடம், கோபப்படாதீங்க. கலா-3 உங்களோடது இல்ல."

"பின்ன யாரோடது?"

"ஒய் குரோமோசோம் இருக்கு. அது ஆம்பளையோட செல்லு."

என் வாழ்நாள் உழைப்பு ஒரு லேபிள் குளறுபடி என்று அர்த்தம். கத்தினேன். எங்களிடம் வேலை பார்த்த ஆண்கள் மூன்றே பேர். எவனோ ஒருவனுடைய குப்பியில் என் பெயர் ஒட்டப்பட்டிருக்கிறது. இந்தத் துறையில் நடக்காத கூத்தல்ல இது, ஆனால் என் ஆய்வகத்தில் நடந்ததில்லை. மூன்று பேருடையதையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். ஆக்னஸ் எதிர்த்துப் பேசாமல் போனாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

கம்ப்ரசரை அணைத்துவிட்டுப் பார்த்தேன்.

இரவு ரசம் சாதம். உருளைக்கிழங்கு பொரியல் கொஞ்சம் தீய்ந்துவிட்டது. அவர் தீய்ந்ததையும் வழித்துச் சாப்பிட்டார்.

மார்ச் 12, புதன்

மூன்று ஆண்களில் எவருடையதும் இல்லை.

ஆக்னஸ் மறுபடியும் கதவைச் சாத்தினாள். இரண்டு தாள்களை மேஜையில் அருகருகே வைத்தாள். ஒன்று என் ரத்தம், இன்னொன்று கலா-3. சோதித்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு பாதி ஒத்துப்போகிறது, மறு பாதி ஒத்துப்போகவில்லை. ஒரு இடம்கூட விதிவிலக்கு இல்லை. முதலாம் ஆண்டு மாணவிக்குக்கூட இது என்னவென்று தெரியும்.

"மேடம், இது உங்க பிள்ளையோடது."

"எனக்குப் பிள்ளை கிடையாது. உனக்குத் தெரியாதா?"

அவள் என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். "நீங்கதானே கிளாஸ்ல சொல்லுவீங்க. வயித்துல இருக்கும்போது குழந்தையோட செல்லு கொஞ்சம் அம்மா ரத்தத்துல கலந்துடும், அப்புறம் எத்தனையோ வருஷம் அவங்க உடம்புலயே தங்கிடும்னு. தோல்லகூட பார்த்திருக்காங்கன்னு நீங்கதான் சொன்னீங்க. கலா-3 ஒரே ஒரு செல்லுல இருந்து வந்த கூட்டம். அந்த ஒரு செல்லு உங்களோடதா இல்லாம இருந்திருக்கு."

நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

தொண்ணூற்றொன்பதில் என் வயிற்றில் ஆறாவது மாதம் வரை ஒன்று இருந்தது. பிறகு இல்லை. துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். பையனா பெண்ணா என்று நான் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்டால் அது ஒரு ஆளாகிவிடும் என்று பயம். இத்தனை வருஷத்தில் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

பையன்.

ஒரு மிஷின் எனக்குச் சொல்கிறது.

மார்ச் 13, வியாழன்

அவருடைய சவர பிளேடைக் காணோம் என்று காலையில் குளியலறையையே புரட்டிப் போட்டுத் தேடினார். கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

மார்ச் 15, சனி

மறு பாதி அவருடையது. சந்தேகமே இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

மத்தியானம் சாப்பாடு முடிந்ததும், "ஏசி சத்தம் என்னன்னு வந்து பாருங்க, எவனுக்கும் தெரியலை" என்று அவரை அழைத்துப்போனேன். ஞாயிறு என்பதால் யாரும் இல்லை. காலில் உறை மாட்டச் சொன்னதற்கு முனகினார். கம்ப்ரசரில் காதை வைத்துக் கேட்டார். "பேரிங் போயிருச்சு. இதுக்கா இத்தனை பாடு?" என்றார்.

"வந்தது வந்தீங்க, இதையும் ஒரு தடவை பாருங்க" என்று தட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன்.

குனிந்து பார்த்தார். வெகுநேரம் நிமிரவில்லை. மோட்டாரைக் கேட்கும்போது ஒரு பக்கமாகத் தலையைச் சாய்ப்பாரே, அப்படியே சாய்த்துக்கொண்டிருந்தார்.

"ஓடுது அம்மிணி" என்றார்.

மைக்ராஸ்கோப்பின் திருகைச் சரிசெய்வதுபோல் கை வைத்தேன்.

"நடுவால ஒண்ணு டக்கு டக்குன்னு அடிச்சுக்குது பாரு. இருதயமா அது?"

"மீடியம் ஆடுதுங்க. கம்ப்ரசர்..."

"கம்ப்ரசரைத்தான் நான் அணைச்சுப் போட்டேனே."

அவர் கண்ணை எடுக்காமலே கேட்டார்: "ஆரோடதுங்க இது?" என்னிடம் அவர் 'ங்க' போட்டுப் பேசுவதில்லை. அந்தக் கேள்வி என்னைக் கேட்டதல்ல, தட்டில் இருந்ததைக் கேட்டது என்று நினைக்கிறேன்.

திரும்பி வரும் வழியில் சிங்காநல்லூர்க் குளத்தங்கரையில் வண்டியை நிறுத்தச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். ரத்தம், தோல், ஒரே ஒரு செல், பிளேடு. குழந்தை அல்ல, குழந்தையாக ஆகாது, வெறும் செல் கூட்டம் என்பதையும் சொன்னேன். அதை இரண்டு மூன்று தடவை சொன்னேன். பையன் என்பதைக் கடைசியில் சொன்னேன்.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. உள்ளே அழுதாரா என்று எனக்குத் தெரியாது.

மார்ச் 17, திங்கள்

அவர் கடைக்குப் போகவில்லை. காலையிலேயே டிபன் பாக்ஸோடு ஆய்வக வாசலில் வந்து நின்றார். எனக்கு மதியச் சாப்பாடு கொண்டு வந்தாராம். கல்யாணமாகி இத்தனை காலத்தில் இன்றுதான் முதல் தடவை.

"ஓடுதா?" என்று கேட்டார். வாட்ச்மேன் காதில் விழும் என்று பயந்து தலையை மட்டும் ஆட்டினேன்.

"இன்னும் நாலு நாளைக்கு உட்டுப் போடேன் அம்மிணி. ஆருக்கு என்ன நட்டம்?"

"அது குழந்தை இல்லீங்க."

"எனக்குத் தெரியாதா? நான் என்ன இடுப்புல தூக்கிட்டுப் போறேன்னா சொன்னேன்? ஓடறதை ஏன் நிறுத்தோணும்ன்னு கேட்டேன்."

என்னிடம் பதில் இருந்தது. விதியை எழுதியவள் நான். உயிர் எங்கே ஆரம்பிக்கிறது என்று யாருக்கும் தெரியாததால், எங்காவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும் என்று எழுதினேன். அந்தக் கோட்டை நான் தாண்டினால், நாளைக்கு எவரும் எதையும் வளர்க்கலாம். இதை அவரிடம் சொல்ல வாயைத் திறந்தேன். டிபன் பாக்ஸை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

உள்ளே போனால் ஆக்னஸ் என் இன்குபேட்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். தட்டு மைக்ராஸ்கோப்பில் இருந்தது.

"எத்தனை நாளா மேடம்?"

"இன்னைக்குத்தான்" என்றேன்.

அவளுக்கு என்னைத் தெரியும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்குக் காலையில நீங்க நிறுத்தறீங்களா, இல்ல நான் நிறுத்தட்டுமா? ரெண்டுல ஒண்ணு நடந்தே ஆகணும். இல்லேன்னா நான் கமிட்டிக்குப் போவேன். எனக்கு வேற வழி விடாதீங்க மேடம்" என்றாள். நான் சொல்லிக் கொடுத்தபடிதான் நடந்துகொள்கிறாள்.

மார்ச் 18, செவ்வாய்

நானே நிறுத்தினேன்.

மீடியத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு ஃபார்மலின் ஊற்ற வேண்டும். வேலை அவ்வளவுதான். நூற்றுக்கணக்கில் செய்திருக்கிறேன். ஊற்றியதும் சட்டென்று நின்றுவிடும்.

இது நிற்கவில்லை.

ஊற்றிவிட்டுக் கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டு, கை கழுவி, துடைத்துவிட்டு வந்து பார்த்தேன். அடித்துக்கொண்டிருந்தது. ஆக்னஸும் பார்த்தாள். ஃபார்மலின் பழசாகிவிட்டதோ என்று புது பாட்டிலை உடைத்து மறுபடி ஊற்றினாள். அடித்துக்கொண்டுதான் இருந்தது. அவசரமே இல்லாமல், சீராக. தலைப்பக்கம் எங்களைப் பார்த்திருந்தது.

"நில்லுடா" என்று நான் சொன்னேன். அதட்டலாகச் சொல்லவில்லை. இனி இங்கே வேண்டாம் என்று சொல்வதுபோலச் சொன்னேன்.

நின்றது.

ஃபார்மலின் உள்ளே ஊற நேரம் எடுத்திருக்கும். திசு தடிமனாக இருந்தால் அப்படி ஆகும். ஆக்னஸ் அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டாள். நானும் ஏற்றுக்கொண்டேன்.

மார்ச் 20, வியாழன்

கமிட்டி முடிவு. கலா-3ஐ யார் தந்தார்கள் என்ற கேள்விக்குப் படிவத்தில் எழுதப் பதில் இல்லை. தந்தவரின் சம்மதம் இல்லாத செல்லை வைத்திருக்கக் கூடாது. உறைய வைத்திருந்த எல்லாக் குப்பிகளையும் ஆட்டோகிளேவில் போட்டு அவித்துவிட்டோம். கட்டுரையையும் திரும்பப் பெற்றாயிற்று.

கமிட்டியில் யாரும் என்னிடம் கடுமையாகப் பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவரிடம் சொன்னேன். "செரி" என்றார். கடைக்குப் போனார்.

மார்ச் 24, திங்கள்

டெய்லரிடம் முழுக்கை ரவிக்கை தைக்கக் கொடுத்தேன். "இந்த வெயில்லயாக்கா?" என்றாள். லேபில் ஏசி அதிகம் என்றேன்.

மார்ச் 28, வெள்ளி

புது செல்கள் நன்றாகப் பிடித்திருக்கின்றன. எல்லாவற்றையும் சோதனைக்குக் கொடுத்தேன். ஆக்னஸிடம் சொல்லத் தேவையில்லை. என் கை, என் தோல்.

ஏப்ரல் 4, வெள்ளி

எல்லாம் நான்தான். எங்கும் ஒய் இல்லை.

மருந்துக் கடையில் பிளாஸ்திரி தீர்ந்துவிட்டது. அடுத்த தெருக் கடையில் வாங்கினேன்.

ஏப்ரல் 9, புதன்

தொடை, வயிறு. நான். நான். நான்.

வயிற்றில்தான் இருப்பான் என்று நினைத்தேன். எவ்வளவு முட்டாள்தனம். விஞ்ஞானி யோசிக்கிற மாதிரியா இருக்கிறது?

ஏப்ரல் 13, ஞாயிறு

குளித்துவிட்டு வந்தபோது அவர் அறைக்குள் வந்துவிட்டார். மறைக்க நேரமில்லை. என்னைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்து, ஒவ்வொரு பிளாஸ்திரியாக விரலால் தொட்டுப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை.

"தேடறயா?" என்றார்.

"ஆமாங்க."

"கெடச்சானா?"

"இல்லைங்க."

இடது முழங்கைக்குக் கீழே, அந்தப் பழைய தழும்புக்கு அவர் விரல் வந்து நின்றது.

"முதல்ல எடுத்தது இங்கயா?"

"ஆமாங்க."

"இங்கதான் இருந்தானா, அத்தனை வருசமும்? நீ சோறாக்கும்போதும், பஸ்ல போகும்போதும், என்கூடச் சண்டை போடும்போதும்?"

"இருந்திருக்கான்."

"உசுரோட?"

"உசுரோடதாங்க."

அவர் விரல் தழும்பை மெல்லத் தடவியது. பிறகு, கோபமே இல்லாமல், தெரிந்துகொள்வதற்காகக் கேட்கும் பிள்ளைபோலக் கேட்டார்: "நல்லாத்தானே இருந்தான். அப்பறம் ஏன் அம்மிணி எடுத்தே?"

எனக்குத் தெரியாது, அங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது என்று சொல்லிச் சொல்லி அழுதேன். இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக அழாததையெல்லாம் சேர்த்து அழுதேன். அவர் தழும்பின் மேலிருந்து விரலை எடுக்கவே இல்லை.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. லீவு. யோசித்துப் பார்த்தேன், நிதானமாக, ஆய்வில் யோசிப்பதுபோல. ஒரு இடத்தில் இருந்தான் என்றால் இன்னொரு இடத்திலும் இருப்பான். எங்கே என்று தெரிந்துகொள்ள ஒரே வழி எடுத்துப் பார்ப்பது. எடுத்துவிட்டால் அங்கே இருக்கமாட்டான். தட்டுக்கு வந்துவிடுவான். தட்டுக்கு வந்தால் மறுபடியும் நான்தான் நிறுத்த வேண்டும்.

தோல் எடுக்கும் கருவியை நாளைக்கு ஆக்னஸிடம் கொடுத்துவிடுவேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஆய்வகத்தில் எல்லாருக்கும் ஹெல்த் செக்கப். ரத்தம் எடுக்க வந்த பெண்ணை வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். "ஒரே ஒரு சின்ன டியூப்தான் மேடம்" என்றாள். அந்த டியூபோடு யார் போய்விடுவான் என்று அவளுக்கென்ன தெரியும்.

நன்றாகத் தூங்குகிறேன். எரிந்து விழுவது குறைந்துவிட்டது என்று ஆக்னஸே சொல்கிறாள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

முருங்கைக்காய் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டேன். கொஞ்சம் ஆழம். அவர் ஓடிவந்து துணியால் துடைக்கப் பார்த்தார். கையைப் பிடுங்கிக்கொண்டேன். பலகையில் விழுந்த சொட்டைக்கூட விடவில்லை, விரலால் வழித்து எடுத்தேன். ரத்தம் நிற்கும்வரை விரலை வாயிலேயே வைத்திருந்து, எல்லாவற்றையும் விழுங்கிவிட்டேன். அவர் புரிந்துகொண்டு துணியை மடித்து வைத்தார்.